கட்டைவிரல் கோடு

செப்டம்பர் கடைசியில் எங்கள் யோங்காக்சாய் ஊரில் ஒருத்தர் வெள்ளை நகத்தோடு நடமாடினால் அவர் சோம்பேறியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வனத்துறை அதிகாரியாக இருக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் கை கறுப்புதான். அக்ரூட் காயின் பச்சைத் தொலியை உரிக்கும்போது வடிகிற சாறு முதலில் மஞ்சளாக இருக்கும். அரை மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் தார் டின்னுக்குள் கையை விட்ட மாதிரி இருக்கும். சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய், புளித்த தயிர், எதைப் போட்டுத் தேய்த்தாலும் தேய்க்கிறவளுக்குத்தான் தோல் உரியுமே தவிர கறை அசையாது. பெண் பார்க்க வருகிற மாமியார்கள் அக்டோபர் மாதமாகப் பார்த்துத்தான் வருவார்கள். மூஞ்சியை அப்புறம் பார்ப்பார்கள், முதலில் கை. என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள். "கை கறுப்பா இருக்கு, எடுத்துக்கலாம்" என்று சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி சொன்னாள் என் மாமியார் மகராசி.

ஆகையால் நகம் கறுத்துப் போச்சு என்று எங்கள் ஊரில் யாரும் வைத்தியம் பார்க்கப் போனதில்லை. போனவன் ஒருவன்தான். தோஹிர், என் பக்கத்து வீட்டு மஸ்தூராவின் புருஷன்.

அன்றைக்குக் காதுவலி என்று நானும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை, ஒரு தராசு, ஒரு அடுப்பு. டாக்டர் என்றால் மஷ்ரப். பட்டாளத்தில் மருந்து கலக்கிக் கொடுத்துப் பழகிய கம்பவுண்டர் அவர். முப்பது வருஷமாக ஊசி போட்டுப் போட்டு ஊரே அவரை டாக்டர் ஆக்கிவிட்டது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மார்ச் மாதம், வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தோஹிர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்டு வந்தவன் மாதிரி நின்றான்.

"டாக்டரண்ணே, இந்தக் கட்டைவிரல் நகத்துல ஒரு கோடு..."

"என்ன கோடு?"

"கறுப்பா இருக்கு. வலியெல்லாம் இல்ல. போகவே மாட்டேங்குது."

மஷ்ரப் அவன் விரலைப் பிடித்து எங்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்கப்பா! அக்ரூட் காட்டுல பொறந்து, அக்ரூட் மரத்துலயே தொங்கி வளந்த பய, நகத்துல கறைன்னு மருந்து கேக்க வந்திருக்கான். நாளைக்குக் குதிரைக்கு வால் மொளச்சிருக்கு, என்ன மருந்துன்னு வருவான் போலருக்கு!"

பெஞ்சே குலுங்கியது. நானும் சிரித்தேன். காதுவலியை மறந்து சிரித்தேன். தோஹிருக்குக் காதுமடல் சிவந்துபோயிற்று. அவனும் எங்களோடு சேர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தான், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதோடு விட்டார்களா? டீக்கடையில் அவன் தலையைக் கண்டாலே, "என்ன தோஹிர், நகத்துக்கு ஊசி போட்டாச்சா?" என்பார்கள். அவன் கட்டைவிரலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். ஒன்றரை வருஷம் அப்படியே மடக்கி வைத்திருந்தான். பிறகு அக்குளில் கட்டி கிளம்பியது. நகரத்து ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், அக்குளைக் கிழித்தார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்த மே மாதம் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். வயது நாற்பத்தொன்று.

துக்கத்துக்கு மஷ்ரபும் வந்தார். வாசலில் நின்று, "எல்லாம் விதி, தங்கச்சி" என்றார்.

அழுதுகொண்டிருந்த மஸ்தூரா முக்காட்டை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள். "விதி சிரிக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

மனுஷன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டார். போய்ப் பிரேதத்துக்குத் தோள் கொடுத்தார். ஆள் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அந்த வருஷமும் அறுவடைக்குக் காட்டுக்குப் போனோம். போகாமல் என்ன செய்வது? வருஷத்துக்கு ஒரு தடவை காய்க்கிற மரம், யார் செத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு காய்ப்பதில்லை. ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு, அடுப்பு, டீ போடுகிற சமோவார், கோழி எல்லாவற்றையும் கழுதையில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடும். அவரவர் மரத்தடியில் கூடாரம். என் கூடாரத்துக்கு அடுத்தது மஸ்தூராவுடையது. அவள் மரங்களையும் என் வீட்டுக்காரர்தான் ஏறி உலுக்கிக் கொடுத்தார். உச்சாணிக் கிளையில் நின்று அவர் குலுக்கினால் காய் ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டும். நாங்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பொறுக்குவோம். மத்தியானத்துக்கு மேல் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தொலி உரிப்பு.

நாற்பது நாள் புருஷனோடு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த மஸ்தூரா சும்மா கிடக்கவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா, அவளிடம் வருகிறவர்களின் கைகாலை எல்லாம் பார்க்கும்போது இவளும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், கேட்டிருக்கிறாள். முதலில் பெண்கள் விளையாட்டாகத்தான் அவளிடம் காலை நீட்டினார்கள்.

"மஸ்தூரா, என் கால் நகத்தப் பாரேன். ஆட்டுக் குளம்பு மாதிரி ஆயிட்டு."

"பூஞ்சை. மஞ்சளா தடிச்சு, சுண்ணாம்பு மாதிரி உதிருது பாரு. ஒன் வீட்டுக்காரரு ரப்பர் பூட்ஸ நீயும் போடுறியா?"

"ஒரு ஜோடிதான இருக்கு."

"அவருக்கும் இருக்கும். ரெண்டு பேரும் சேந்து மருந்து போடணும். ஒரு வருஷமாவது விடாம போடணும்."

"ஒரு வருஷமா! அதுக்கு ஆள மாத்துறது லேசு."

இன்னொருத்திக்கு விரல் நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும் போல இருந்தது. அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்ல ஒனக்கு. டீயக் கொறச்சுட்டு கறியத் தின்னு. போயி ரத்தம் சோதிச்சுப் பாரு" என்றாள் மஸ்தூரா. "கறி எங்க மாமியா பெட்டியில பூட்டிக் கெடக்கு" என்றாள் அவள். "அப்ப மாமியாள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, சாவியோட."

என் வீட்டுக்காரர் கால் பெருவிரலில் கிளை விழுந்து நகம் முழுக்கக் கறுத்துவிட்டது. நான் அவரை மஸ்தூரா முன்னால் இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். அவள் ஊசியை எடுத்து, கறுப்பு முடிகிற இடத்தில், நகத்தின் மேல் லேசாக ஒரு கீறல் போட்டாள். "ஒரு மாசம் கழிச்சுப் பாருங்கண்ணே. கறுப்பும் கீறலும் சேந்தாப்புல முன்னால நகந்து, பின்னால வெள்ள நகம் வந்துட்டா அது ஒறஞ்ச ரத்தம். பயப்படாதீங்க." பிறகு எல்லாருக்குமாகச் சொன்னாள்: "கறைன்னா கத்தியால சொரண்டுனா போகும், இல்ல நகம் வளர வளர வெளிய போயிரும். போகாம வேருலருந்து கோடா வந்துக்கிட்டே இருக்கா, அகலமாயிட்டே போகுதா, நகத்துக்குப் பின்னால தோலுலயும் கறுப்பு எறங்குதா, அப்ப ஓடுங்க. எவன் சிரிச்சாலும் ஓடுங்க."

அதற்கப்புறம் யாரும் விளையாட்டாகக் காலை நீட்டவில்லை.

மஷ்ரபுக்கும் காட்டில் பங்கு உண்டு. ஆனால் அவர் ரப்பர் கையுறை போட்டுத்தான் காயைத் தொடுவார். ஊசி போடுகிற கை, சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். அந்தப் பெருமையிலேயே அவர் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். ஒருநாள் மத்தியானம், மரத்திலிருந்து சறுக்கி இடுப்பைப் பிசகிக்கொண்ட ஒருத்தனுக்கு ஊசி போட்டுவிட்டு எங்கள் அடுப்புப் பக்கமாக வந்தார். வாசலுக்கு வந்தவரை ரொட்டி காட்டாமல் அனுப்பினால் ஊர் காறித் துப்பும். விரிப்பை விரித்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு ரொட்டியைப் பிய்த்தார். டீ ஊற்றுகிற முறை மஸ்தூராவுக்கு.

எங்கள் பக்கம் மதிக்கிறவர்களுக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்றலாமே என்று. விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். தோஹிர் போனதிலிருந்து மஸ்தூரா மஷ்ரபுக்கு எந்தப் பந்தியிலும் தளும்பத் தளும்பத்தான் ஊற்றுவாள், அவரும் விரலைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு எழுந்து போவார். அன்றைக்கு அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கெண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் கண் அவர் கையில் இருந்தது. மஷ்ரப் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. "நல்லாயிருப்ப, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கிண்ணம்கூடக் கேட்காமல் போனார்.

அவர் தலை மறைந்ததும் மஸ்தூரா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இடது கட்டைவிரலு. பாத்தியா?"

"ரொட்டியப் பாத்தேன், விரல எங்க பாத்தேன்?"

"கோடு. வேருலருந்து. பின்னால தோலுலயும் எறங்கிட்டு. கையுறை போடுற கையி, அதுல கறை எங்கருந்து வரும்?"

"அட கடவுளே! போயி சொல்லு. ஓடு."

"எதுக்கு?"

"எதுக்கா? செத்துப்போவாரு புள்ள."

"போகட்டும்." ஒரு காயை எடுத்துத் தொலியில் கத்தியை இறக்கித் திருகினாள். "தோஹிருக்குக் கோடு தெரிஞ்சதுலருந்து ரெண்டு வருஷம் எடுத்துச்சு. எனக்கென்ன, காத்திருக்கத் தெரியாதா? ராத்திரி பகலா அந்த மனுஷன் வலியில பல்லக் கடிச்ச சத்தம் இன்னும் என் காதுல கேக்குது. இவனும் கடிக்கட்டும். நான் கேக்கணும்."

"அவரு வேணும்னா செஞ்சாரு? தெரியாம செஞ்சது."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நகரத்துக்குப் போய்ப் பாருன்னு சொல்லணும். அதுக்கு எத்தன வார்த்தை? சிரிக்கிறதுக்கு மட்டும் தெரிஞ்சிச்சா?"

எத்தனையோ மாதமாக உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "நானும்தான் சிரிச்சேன் மஸ்தூரா. அன்னைக்கு அந்தப் பெஞ்சில நானும் இருந்தேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும். அவரு வந்து சொன்னாரு, கும்ரி அக்காதான் ரொம்பச் சத்தமா சிரிச்சாங்கன்னு. ஒன்னப் பொறவு பாத்துக்கிறேன். வாய மூடிக்கிட்டு ஒரி."

மூடிக்கொண்டேன். நீ ஏன் ஓடிப்போய்ச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். தோஹிரைப் பார்த்துச் சிரித்த வாயை வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டிக்கு எந்த நியாயத்தைப் போய்ச் சொல்வேன்? என் யோக்கியதை அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மஷ்ரப் தானாகவே வந்தார். அந்தப் பாதிக் கிண்ணத்தை நம்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம் திராட்சை. எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"தங்கச்சி, நீ நல்லாப் பாக்கேன்னு பேசிக்கிறாவ. இதக் கொஞ்சம் பாரேன். கையுறை எங்கயோ ஓட்டை விழுந்திருக்கும் போல, சாறு எறங்கிட்டு. கறைதானே இது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் உதடு காய்ந்து போயிருந்தது. ஆறேழு மாதமாகத் தனக்குத்தானே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்த மனுஷன். தெரிந்ததால்தான் நகரத்துக்குப் போகப் பயந்துகொண்டு இவளிடம் வந்திருக்கிறார்.

மஸ்தூரா அந்த விரலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். வேர்ப்பக்கம் தோலைத் தடவிப் பார்த்தாள். கத்தி முனையால் லேசாகச் சுரண்டியும் பார்த்தாள்.

"கறைதான்" என்றாள்.

"நெசமாவா?"

"அக்ரூட்டுக் கறை. போயி வேலையப் பாருங்கண்ணே."

மனுஷன் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல ஆகிவிட்டார். "ஒன் வாய்க்குச் சக்கரை போடணும் தங்கச்சி!" என்று பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, பாட்டை முனகிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனார். மஸ்தூரா திராட்சையைக் கோழிக்குப் போட்டாள். அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். தோஹிர் படுத்ததிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பார்க்கவே பயமாக இருந்தது. அதே சமயம், உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. பட்டவள் அவள், அவளுக்கு ஒரு நாளாவது வயிறு நிறையட்டுமே என்று தோன்றியது.

மஷ்ரப் வாய் சும்மா இருக்குமா? கூடாரம் கூடாரமாகப் போய் விரலைக் காட்டினார். "மஸ்தூராவே பாத்துட்டா. சுரண்டிப் பாத்துட்டா. கறைதானாம்!" யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். கீழ்ப்பங்கில் கூடாரம் போட்டிருந்த ஓய்தின் என்கிறவள் துணி அலச வந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், முப்பது வயதுகூட இருக்காது. எதையோ பேசிக்கொண்டே துணியைப் பிழிந்தவள் சட்டென்று கையை நீட்டினாள்.

"மஸ்தூராக்கா, ஒங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன், இப்ப வேலை மிச்சமாப் போச்சு. எனக்கும் டாக்டரு மாதிரியே இந்த நகத்துல ஒரு கோடு. போன குளிர்காலத்துலருந்து கெடக்கு. வெள்ளிக்கிழம எங்க அண்ணன் வண்டி நகரத்துக்குப் போகுது, ஆஸ்பத்திரியில காட்டலாம்னு எடம்கூடச் சொல்லி வெச்சிருந்தேன். நேத்து டாக்டரண்ணன் அவரு விரலையும் என் விரலையும் சேத்து வெச்சுப் பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான், மஸ்தூராவே கறைன்னுட்டா, எதுக்கு அலையுறன்னாரு. நானும் வண்டியில வேற ஆளுக்கு எடத்த விட்டுட்டேன்."

மஸ்தூராவின் கையிலிருந்த செம்பு ஓடையோடு போயிற்று. அவள் அதைப் பிடிக்கவில்லை. ஓய்தினின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள் கடைசியில். "கேட்டியா? தெரியல. மச்சமாவும் இருக்கலாம், வேற எதாவும் இருக்கலாம். வெள்ளிக்கிழம நீ வண்டியில ஏறுற. எடம் இல்லன்னா கூரையில உக்காந்து போ."

"அப்ப டாக்டருக்கு மட்டும்..."

"ஏறுறன்னு சொல்லு!"

"ஏறுறேன், ஏறுறேன். அதுக்கு எதுக்குக்கா கத்துறீங்க?"

அவள் போனதும் மஸ்தூரா படார் படாரென்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "விடு அக்கா. அந்த நாய்க்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது தெரியாமச் சொன்னான். நான் தெரிஞ்சே சொன்னேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த மூணு பிள்ளையும் என் வாசல்லல்ல வந்து நிக்கும்!" என்று கத்தினாள். பிறகு தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதாள். தோஹிர் செத்தபோதுகூட அவள் அப்படிக் குரல் எடுத்து அழவில்லை. நானும் சேர்ந்து அழுதேன், என்னத்துக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கிடாய் வெட்டு. பாதி அறுவடை முடிந்ததும் காட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு கிடாயை அறுத்து, ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். நல்ல வெயில். கொப்பரையில் புலாவ் வெந்து, கொழுப்பு வாசனை சரிவு முழுக்க அடித்தது. அறுபது எழுபது பேர், எல்லாருக்கும் கறுத்த கை. பெரிய மனுஷன் என்று மஷ்ரபை நடுவில் உட்காரவைத்து ரொட்டியைக் கையில் கொடுத்தார்கள். அவர் கையுறையைக் கழற்றினார்.

மஸ்தூரா கொப்பரைப் பக்கத்திலிருந்து எழுந்து போய் விரிப்புக்கு முன்னால் நின்றாள்.

"ரொட்டியப் பொறவு பிய்க்கலாம்ணே. அந்தக் கைய எல்லாருக்கும் காட்டுங்க."

"என்ன தங்கச்சி?"

"காட்டுங்க. அன்னைக்கு நான் சொன்னது பொய். அது கறை இல்ல. என் புருஷனுக்கு வந்ததேதான் ஒங்களுக்கும் வந்திருக்கு. பாத்த ஒடனே தெரிஞ்சுச்சு. நீங்க சாகணும்னு தெரிஞ்சே கறைன்னு சொன்னேன்."

யாரோ ஒரு பெண், "இப்படியும் ஒருத்தி உண்டா" என்றாள். மஷ்ரபின் அண்ணன் எழுந்து, "நீ பொம்பளதானா? எங்க அடுப்புல நின்னு சமைக்கிற, எங்க தம்பி சாகணும்னு..." என்று பாய்ந்து வந்தார். என் வீட்டுக்காரர் குறுக்கே போய் நின்றார். மஷ்ரப் கையைத் தூக்கி அண்ணனை உட்காரச் சொன்னார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"அவள விடுங்க" என்றார். "எனக்கே தெரியும். ஏப்ரல்லருந்து தெரியும். ஒருத்தராவது இல்லன்னு சொல்லிரமாட்டாங்களான்னு இருந்துச்சு. அவ சொன்னா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு." ரொட்டியைக் கீழே வைத்தார். "தோஹிர் விரல நான் தூக்கிக் காட்டுனேன். இன்னைக்கு என் விரலு."

அந்தப் பெஞ்சில் அன்று இருந்தவர்கள் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வெள்ளிக்கிழம ஓய்தின் போற வண்டியிலயே போங்க" என்றாள் மஸ்தூரா. "அந்த டாக்டரம்மா பேரு எழுதித் தர்றேன். விரல எடுப்பாங்க. விரலோட நின்னிருந்தா நல்லது."

எங்களில் நெடும்பயணம் போகிறவனும் கத்திக்குப் போகிறவனும் யாருக்குக் கெடுதல் செய்தானோ அவர்கள் முன்னால் போய், என்னோடு ராஜியா, மனசுல ஒண்ணும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ராஜி என்று ஒரு வார்த்தை வாங்காமல் செத்தால் அந்தப் பாரத்தோடுதான் மண்ணுக்குள் போக வேண்டும். கேட்டவனுக்கு இல்லை என்று சொன்னவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. மஷ்ரப் எழுந்தார். தொப்பியை எடுத்தார். அத்தனை பேர் முன்னாலும் அவள் காலடியில் முழங்கால் போட்டார்.

"நான் திரும்பி வருவனோ மாட்டனோ, மஸ்தூரா. செத்தவன்கிட்ட கேக்க முடியாது. ஒன்கிட்ட கேக்கேன். என்னோட ராஜியா?"

"இல்ல" என்றாள் அவள்.

கூட்டம் ஒரே மூச்சாக முனகியது. "அடியே, முழங்கால்ல நிக்காரு!" என்று நான்கூடச் சொல்லிவிட்டேன்.

"நின்னா என்ன? நீங்க செத்தா ஊரே ஒங்களுக்காக அழும்ணே. நல்ல மனுஷன், முப்பது வருஷம் ஊசி போட்டாருன்னு சொல்லும். தோஹிர ஒரு வருஷத்துல மறந்துரும். அது எனக்கு ஆகாது. என் ராஜி வேணுமா? விரல வெட்டிட்டு உயிரோட வாங்க. வந்து என் வாசல்ல நின்னு கேளுங்க. சாகப் போறவனுக்கு நான் குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். ஓய்தினுக்கு நகத்தைக் கீறி எடுத்துப் பார்த்துவிட்டு வெறும் மச்சம் என்று அனுப்பிவிட்டார்கள். மஷ்ரபுக்குக் கட்டைவிரல் போயிற்று. அக்குளுக்கு இன்னும் ஏறவில்லை, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றாளாம் அந்த டாக்டரம்மா.

மார்ச் மாதம் சேற்றில் நடந்து மஸ்தூரா வாசலுக்கு வந்தார். நாலு விரல் கையில் தொப்பி. நான் என் முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து, வெட்டின இடத்தைப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொல்லி அக்குளை அமுக்கிப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள். மிச்சம் ஒன்பது நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கால் செருப்பைக் கழற்றச் சொல்லி, அந்தக் குளிரில் கால் பத்தையும் பார்த்தாள்.

"ராஜியா, தங்கச்சி?"

"அஞ்சு வருஷம் தாண்டணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள திரும்பி வந்தாலும் வரும். அஞ்சாம் வருஷம் வந்து கேளுங்க."

"அதுவரைக்கும்?"

"மூணு மாசத்துக்கு ஒருதரம் நகரத்துக்குப் போயிக் காட்டுங்க. காட்டிட்டு இங்க வந்து எனக்கும் காட்டுங்க. ஒரு தடவ வரலைன்னாலும் ராஜி கெடையாது."

கதவைச் சாத்திவிட்டாள். இது மூன்றாவது வருஷம். மனுஷன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. மழையானாலும் பனியானாலும் வந்து தொப்பியைக் கழற்றுகிறார், சட்டையைக் கழற்றுகிறார், கேட்கிறார். அவள் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். போன வாரம் வருவதற்கு ஒரு நாள் தாமதம் ஆகிவிட்டது. காலையிலிருந்து அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டு, "செத்துகித்துத் தொலைஞ்சிட்டானா பாவி, போய்ப் பாத்துட்டு வா அக்கா" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள்.